நடுக்கடலில் மறைந்த மேதை

"டீசல் விலை ஏறிவிட்டது", "லாரிக்கு டீசல் போட வேண்டும்" என்னும் பேச்சு நாள்தோறும் நம் காதில் விழுகிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய் போல டீசலும் ஓர் எண்ணெயின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியல் மேதையின் பெயரே அவர் படைத்த இயந்திரத்துக்கும், பின்னர் அந்த இயந்திரம் குடிக்கும் எண்ணெய்க்கும் ஆகி வந்தது. உலகமெல்லாம் உச்சரிக்கும் இப்பெயருக்கு உரியவர் 1913 ஆம் ஆண்டு ஒரு மாலை வேளையில் கப்பல் ஏறினார். மறுநாள் காலையில் கப்பல் கரை சேர்ந்தது, அவர் சேரவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது? நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் விடை கிடைக்காத இக்கேள்விக்குப் பலர் பலவாறு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்து, உரைகல்லில் உரைத்துப் பார்ப்போமா?

யார் இந்த டீசல்?

ருடால்ஃப் டீசல் 1858 ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மன் நாட்டின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை புத்தகம் கட்டும் தொழிலாளி. 1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, அக்குடும்பம் பாரிஸை விட்டு லண்டனுக்குச் செல்ல நேர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ருடால்ஃப், ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அங்கே படிப்பில் சிறந்து விளங்கி, பின்னர் மியூனிக் நகரின் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தான். குளிர்சாதனக் கலையின் முன்னோடியான கார்ல் வான் லிண்டே அங்கே அவனுக்கு ஆசிரியராக வாய்த்தார்.

அக்காலத்தில் தொழிற்சாலைகளை இயக்கியது நீராவி இயந்திரமே. ஆனால் எரிக்கும் நிலக்கரியின் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கே வேலையாக மாறியது, மீதியெல்லாம் வீணாயிற்று. இதை மாற்றியே தீருவது என்று டீசல் உறுதி பூண்டார்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் அறிவோம். காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்பது பௌதிக விதி. இந்த எளிய உண்மைதான் டீசல் இயந்திரத்தின் உயிர்நாடி. உருளைக்குள் காற்றை மிக அதிகமாக அழுத்தினால் அது கடுமையாகக் கொதிக்கும். அந்நிலையில் எண்ணெயைப் பீய்ச்சினால், தீப்பொறி இல்லாமலே அது தானாகப் பற்றிக்கொள்ளும். இதற்கான காப்புரிமைக்கு அவர் 1892 இல் விண்ணப்பித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் பல சோதனைகள், பல தோல்விகள். ஒருமுறை இயந்திரத்தின் பாகம் வெடித்துச் சிதற, அவர் உயிர் தப்பியதே பெரிது என்றாயிற்று. இறுதியில் 1897 இல் எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றும் இயந்திரம் ஆக்ஸ்பர்க்கில் வெற்றிகரமாக ஓடியது. பேரும் புகழும் செல்வமும் அவரைத் தேடி வந்தன.

அந்த இரவு

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 'டிரெஸ்டன்' என்னும் நீராவிக் கப்பலில் டீசல் ஏறினார். கடலைக் கடந்து இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்தை அடைவது பயணத் திட்டம். லண்டனில் டீசல் இயந்திரக் கம்பெனியின் கூட்டம் ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. இப்ஸ்விச் நகரில் புதிய தொழிற்சாலை தொடங்கும் வேலையும் இருந்தது. பெல்ஜிய இயந்திர உற்பத்தியாளரான ஜார்ஜ் கரேல்ஸும், மற்றொரு பொறியாளரும் உடன் சென்றனர்.

மூவரும் ஒன்றாக இரவு உணவு உண்டனர். மேல்தளத்தில் சற்று உலாவினர். இரவு பத்து மணியளவில் டீசல் தம் அறைக்குச் சென்றார். காலை 6.15 மணிக்கு எழுப்பும்படி பணியாளரிடம் சொல்லி வைத்திருந்தார்.

காலையில் அறையில் அவர் இல்லை. படுக்கை கலையவில்லை. இரவு உடை எடுத்து வைத்தது வைத்தபடியே கிடந்தது. படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியும்படி கடிகாரம் வைக்கப்பட்டிருந்தது. கப்பல் முழுவதும் தேடினார்கள். பின்தளத்துக் கைப்பிடிக் கம்பியின் அருகே அவருடைய தொப்பியும், ஒழுங்காக மடித்து வைத்த மேலங்கியும் மட்டுமே அகப்பட்டன.

ஏறத்தாழ பத்து நாட்கள் கழித்து, ஷெல்ட் ஆற்று முகத்துவாரப் பகுதியில் டச்சுப் படகு ஒன்று ஒரு சடலத்தைக் கண்டது. அது அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. படகோட்டிகள் உடையிலிருந்த மாத்திரைப் பெட்டி, பணப்பை, பேனாக்கத்தி, மூக்குக்கண்ணாடிக் கூடு முதலியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சடலத்தைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். டீசலின் மகன் யூஜின் வந்து பார்த்து, இவை தம் தந்தையின் பொருட்களே என்றார்.

அன்று அந்தச் சடலம் கரைக்கு வந்திருந்தால் மருத்துவர்கள் சோதித்திருப்பார்கள்; உண்மையும் ஒருவேளை வெளிப்பட்டிருக்கும். அது அலைகளோடு போயிற்று. அந்த இடைவெளியில்தான் ஊகங்கள் புகுந்துகொண்டன.

முதல் ஊகம்: ஒற்றர்கள் கொன்றனர்

ஜெர்மனியும் பிரிட்டனும் போட்டி போட்டுக்கொண்டு போர்க்கப்பல்கள் கட்டிய காலம் அது. நீர்மூழ்கிக் கப்பலுக்கு மிகவும் ஏற்றது டீசல் இயந்திரமே. அதன் இரகசியத்தைப் பிரிட்டனுக்கு விற்கப் போகிறார் என்று அஞ்சி, ஜெர்மானிய ஒற்றர்களே அவரைக் கடலில் தள்ளினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டதால் இந்த ஊகத்துக்கு வலு ஏறியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் 'டி' வகை நீர்மூழ்கிகள் 1908 முதலே டீசல் இயந்திரத்தோடு கடலில் இறங்கின. டீசலின் அடிப்படைக் காப்புரிமையும் அதற்குள் காலாவதியாகிவிட்டது. எல்லாருக்கும் தெரிந்துவிட்ட ஒன்றைக் காப்பதற்கு யாராவது கொலை செய்வார்களா?

இரண்டாவது ஊகம்: எண்ணெய் முதலாளிகள்

டீசல் இயந்திரம் பலவகை எண்ணெயிலும் ஓடக்கூடியது. 1900 இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஓர் இயந்திரத்தைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். தாவர எண்ணெய்களுக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்று டீசலும் நம்பினார். இதனால் தங்கள் வியாபாரம் கெடும் என்று பெரிய எண்ணெய் முதலாளிகள் அவரைத் தீர்த்துக்கட்டினார்கள் என்பது இந்த ஊகம்.

கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆயினும் பூமியிலிருந்து எடுக்கும் கன எண்ணெயிலும் இதே இயந்திரம் நன்றாக ஓடும். எனவே அது பெருகப் பெருக எண்ணெய் விற்பனையும் பெருகத்தான் செய்யும். மேலும் 1913 க்குள் பல நாடுகளில் பல தொழிற்சாலைகள் இந்த இயந்திரத்தைச் செய்யத் தொடங்கிவிட்டன. 'செலாண்டியா' என்ற டேனிஷ் கப்பல் 1912 இலேயே டீசல் இயந்திரத்தோடு பெருங்கடலைக் கடந்துவிட்டது. ஒருவரைக் கொன்று இவற்றையெல்லாம் நிறுத்த முடியாது.

மூன்றாவது ஊகம்: விபத்து

டீசலுக்கு உடல்நலம் சரியில்லை. 1898 இல் அளவுக்கு மீறிய உழைப்பால் மனமும் உடலும் தளர்ந்து சிகிச்சை பெற்றவர் அவர். அன்றும் தூக்கம் வராமல் காற்று வாங்கச் சென்று, தலை சுற்றி விழுந்திருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். ஆனால் தவறி விழுபவர் தொப்பியைக் கழற்றி, மேலங்கியை மடித்து வைத்துவிட்டா விழுவார்? வட கடலின் செப்டம்பர் இரவுக் குளிரில் மேலங்கியைக் கழற்றியது ஏன் என்னும் கேள்வி எழுகிறது.

நான்காவது ஊகம்: தாமே தேடிக்கொண்ட முடிவு

வெளியுலகுக்கு டீசல் ஒரு செல்வந்தர். மியூனிக்கில் அரண்மனை போன்ற வீடு. ஆனால் நிலத்திலும் கம்பெனிப் பங்குகளிலும் போட்ட பணம் போய், பெருங்கடன் மிஞ்சியிருந்தது. இது வீட்டாருக்கும் தெரியாது. புறப்படும் முன் மனைவி மார்த்தாவிடம் ஒரு பையைக் கொடுத்து, அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். திறந்து பார்த்தபோது உள்ளே ரொக்கப் பணமும், வங்கிக் கணக்குகள் காலியாகிவிட்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன. அவருடைய நாட்குறிப்பில் செப்டம்பர் 29 என்ற தேதிக்கு ஒரு சிலுவைக் குறி இடப்பட்டிருந்தது. 1937 இல் தந்தையின் வரலாற்றை எழுதிய மகன் யூஜினும், தந்தை தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார் என்றே கருதினார்.

இருக்கும் தடயங்களோடு மிகவும் பொருந்துவது இதுதான். ஆயினும் காலையில் எழுப்பச் சொன்னவர் ஏன் அப்படிச் சொன்னார்? விளக்கமாக ஒரு கடிதம்கூட ஏன் இல்லை? எனவே இதையும் 'நிரூபிக்கப்பட்டது' என்று சொல்வதற்கில்லை.

ஐந்தாவது ஊகம்: அவர் சாகவே இல்லை

2023 இல் டக்ளஸ் பிரன்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஒரு நூல் வெளியிட்டார். டீசல் இறந்ததாக நாடகம் நடத்திவிட்டு, பிரிட்டனின் துணையோடு கனடாவுக்குச் சென்று, அங்கே இரகசியமாக நீர்மூழ்கி இயந்திர வேலையில் ஈடுபட்டார் என்பது அவர் வாதம். ஆனால் சடலத்தில் கிடைத்த பொருட்களைச் சொந்த மகனே அடையாளம் காட்டியிருக்கிறார். அவையும் நாடகத்தின் பகுதி என்று சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனியே சான்று வேண்டும். 1913 க்குப் பிறகு அவர் உயிரோடு இருந்ததை ஐயமற நிலைநாட்டும் ஆவணம் எதுவும் வெளிவரவில்லை.

நாம் காண்பது

இந்த ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. போர் அச்சத்தில் வாழ்ந்தவர்கள் அங்கே ஒற்றரைக் கண்டார்கள். பெருமுதலாளிகளை வெறுத்தவர்கள் முதலாளியைக் கண்டார்கள். துப்பறியும் கதைகளில் மகிழும் இக்காலத்தவர் இரகசியத் திட்டத்தைக் காண்கிறார்கள். தடயம் இல்லாத இடத்தில் மனிதர் தம் மனத்தில் இருப்பதையே காண்கின்றனர். டீசல் எப்படி மறைந்தார் என்பதைவிட, சொல்பவர் எத்தகையவர் என்பதையே இக்கதைகள் அதிகம் காட்டுகின்றன.

கணக்குப் பாடத்தில் விடை மட்டும் எழுதினால் ஆசிரியை மதிப்பெண் தரமாட்டார். வழிமுறை எங்கே என்று கேட்பார். பிறரைப் பற்றி நாம் கேட்கும் செய்திகளிடமும் அதே கேள்வியைக் கேட்டால் என்ன? "அவள் இப்படியாம்", "அவர்கள் வீட்டில் அப்படியாம்" என்று வருகிற பேச்சுக்கு வழிமுறை உண்டா? டீசலின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் துக்கத்தில் இருந்த வேளையில், ஊரார் அவரைத் துரோகி என்றும் ஓடிப்போனவர் என்றும் பேசியதைக் கேட்க நேர்ந்தால் அவர்கள் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்! இறந்தவர் எழுந்து வந்து மறுமொழி சொல்ல முடியாது. ஆகவே அவர் சார்பில் நாம்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

இன்னொன்றும் நம் நெஞ்சைத் தொடுகிறது. கடலில் என்ன நடந்தது என்பது தெரியாது. ஆனால் கரையில் நடந்தது தெரியும். உலகுக்கே சக்தி கொடுத்த ஒரு மனிதர் தம் கடன் சுமையை வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊர் என்ன நினைக்குமோ என்ற கூச்சம் அவரைத் தடுத்திருக்கலாம். நம் சுமைகள் அவ்வளவு பெரியவை அல்ல. மதிப்பெண் குறைந்ததோ, தோழியோடு மனத்தாங்கலோ, எதுவாயினும் அம்மாவிடமோ ஆசிரியையிடமோ நம்பிக்கைக்குரிய சிஸ்டரிடமோ சொல்லிவிட்டால் பாதி குறைந்துபோகும். பெற்றோரும், தங்கள் கவலையைப் பிள்ளைகளுக்குப் புரியும் அளவுக்கேனும் சொன்னால் நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

சிறு பட்டறை வைத்திருக்கும் கைவினைஞனுக்கும் இயந்திர சக்தி எட்ட வேண்டும் என்பதே டீசலின் கனவு. ஆனால் 1914 இல் மூண்ட போரில் அவருடைய இயந்திரம் நீர்மூழ்கிகளின் வயிற்றுக்குள் இருந்து அவற்றை இயக்கியது. அவர் கடைசியாகப் பயணம் செய்த அந்த 'டிரெஸ்டன்' கப்பல், 'லூவேன்' என்று பெயர் மாற்றப்பட்டுப் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1918 ஜனவரியில் ஏஜியன் கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கி மூழ்கடித்தது. அந்த நீர்மூழ்கியை இயக்கியதும் டீசல் இயந்திரமே!

கப்பலும் போயிற்று, கண்டவரும் போயினர். அந்தப் பெயர் மட்டும் இன்றும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஒரு லாரி உறுமிக்கொண்டு நம்மைக் கடந்து போகும்போது, புகைக்கு முகத்தைச் சுளிக்கும் முன், அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.