நம் குளமும் ஈரநிலம்தான்: பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்



பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் பல நாடுகள் கூடி, ஈரநிலங்களைக் காக்க ஒப்பந்தம் செய்த நாள் அது. ஈரநிலம் என்றதும் பிள்ளைகள் எங்கோ தொலைவிலுள்ள சதுப்பு நிலத்தை நினைத்துக் கொள்கிறார்கள். நம் ராயகிரிப் பக்கத்துக் குளங்களும் ஈரநிலங்கள்தாம். அந்த ஒப்பந்தத்தின்படி, மனிதர் வெட்டிய குளமும், சில மாதம் மட்டுமே நீர் நிற்கும் குளமும் ஈரநிலமே.

குளம் என்ன செய்கிறது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையிலிருந்து வேகமாக இறங்கும் தண்ணீரைக் குளம் தடுத்து நிறுத்துகிறது. நிரம்பியதும் மறுகால் வழியே அடுத்த குளத்துக்கு விடுகிறது. நின்ற நீர் மண்ணில் இறங்குவதால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று ஏறுகிறது. அடியில் தங்கும் வண்டல் வயலுக்கு உரமாகிறது. இவ்வளவும் செய்யும் இடத்தை, வற்றிய நாளில் 'சும்மா கிடக்கும் நிலம்' என்று பிள்ளைகள் நினைத்துவிட்டால், நாளை அதைத் தூர்க்கவும் தயங்க மாட்டார்கள்.

வீட்டிலேயே காட்டலாம்

ஒரு தட்டைச் சாய்த்து வைத்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், உடனே ஓடிவிடும். தட்டின் நடுவே குறுக்காக ஸ்பான்ஜ் வைத்து மறுபடி ஊற்றினால், நீர் தேங்கி மெதுவாக வடியும். குளமும் அதன் கோரையும் சேறும் செய்யும் வேலை இதுதான்.

கூந்தன்குளம் சொல்லும் பாடம்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமானது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே கூடு கட்டும். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வரும். பறவைகள் மிரளக் கூடாதென்று அவ்வூரார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த நீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. காவலால் மட்டும் அக்குளம் பிழைக்கவில்லை; ஊராரின் பழக்கத்தால் பிழைத்தது.

நாம் செய்ய வேண்டியவை

விடுமுறை நாளில் பிள்ளைகளைக் குளக்கரைக்குக் கூட்டிச் சென்று மடையையும் மறுகாலையும் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலத்தில் குளம் எப்படி இருந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். கிணற்று நீர் மட்டத்தை மாதம் ஒருமுறை நோட்டில் குறிக்கட்டும். கிணற்றருகே பெரியவர் ஒருவர் உடன் நிற்க வேண்டும். பிள்ளைகளைத் தனியாகக் குளத்துக்கு அனுப்பவே வேண்டாம்.

வலீமா விருந்தின் பிளாஸ்டிக் தட்டுகளும் குர்பானிக் கழிவுகளும் ஓடைக்கோ குளத்துக்கோ போகாமல் பார்த்துக் கொள்வோம். கழிவைக் குழி தோண்டிப் புதைப்போம். நாம் வாயால் சொல்வதை விட, கையால் செய்வதைத்தான் பிள்ளைகள் கற்றுக் கொள்கிறார்கள்.