நின்றால் குலுங்குதா பழைய கார்? ஸ்குரூவை திருகும் முன் இதை பாருங்க!

வடக்கனந்தல்,

பழைய மாருதி 800, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு பழகிப்போன தொல்லை இது. ரோட்டில் நல்லா ஓடும் கார், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் குலுங்கும். பொசுக்குன்னு நின்றும் போகும்.

கச்சிராயப்பாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்கு போய் வருபவர்கள் இதை சும்மா விடக்கூடாது. கொண்டை ஊசி வளைவில் கிளட்சை மிதித்ததும் என்ஜின் நின்றால் ஆபத்து. பிரேக் பூஸ்டர் உள்ள கார்களில் என்ஜின் ஓடினால்தான் பூஸ்டருக்கு பலம். நின்றபின் இரண்டு, மூன்று தடவை மிதித்தாலே பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும்.

என்ன பார்க்க வேண்டும்?

பலரும் செய்யும் தப்பு, உடனே கார்பரேட்டர் ஸ்குரூவை திருகுவது. வரிசையாக பார்த்தால் செலவு மிச்சம்.

* என்ஜின் சூடானபின் சோக் முழுசா உள்ளே போயிருக்கா பாருங்க. ஏர் பில்டரில் தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்க.

* என்ஜின் ஆறியதும் பிளக்கை கழற்றி பாருங்க. இளம் பழுப்பு நிறம் என்றால் சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம். மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் குலுங்கும். அது கார்பரேட்டர் கோளாறு இல்லை.

* ‘உஸ்’ என்று சத்தம் வருதா? ரப்பர் ஓஸ் வெடித்தோ, கார்பரேட்டர் பாக்கிங் போயோ காற்று இழுக்கும். கண்டுபிடிக்க சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீங்க, தீப்பிடிக்கும்.

* வேகத்தில் நல்லா ஓடி, காலை எடுத்தால் மட்டும் நின்றால் ஐடில் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். கிளீனர் அடித்து, காற்றடித்து சுத்தம் செய்யணும். கம்பி, ஊசி விட்டால் ஓட்டை பெரிசாகிவிடும்.

கடைசியாக ஸ்குரூ

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் ஸ்குரூவை தொடுங்க. மிக்சர் ஸ்குரூ எத்தனை சுற்று திறந்திருந்தது என்று முதலில் குறித்து வையுங்க. என்ஜின் சூடாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக திருகி, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்துங்க. மூடிய ஷெட்டுக்குள் மட்டும் என்ஜினை ஓட விடாதீங்க, புகை உயிரையே வாங்கிவிடும்.

பெட்ரோலும் மாறிப்போச்சு

2025-ம் ஆண்டு முதல் நாடு முழுக்க பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. நம்ம பக்கம் விளையும் கரும்பு, மக்காச்சோளத்தில் இருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். இது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை கெடுக்கும். புது கார்களில் கம்ப்யூட்டரே கலவையை சரி செய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை.

அதனால் பழைய காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காமல் அடிக்கடி ஓட்டுங்க. பழைய ஓஸ், பாக்கிங்கை மாற்றி விடுங்க. மலை ஏறும் முன், வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டு பாருங்க. நிற்காமல் ஓடினால் கிளம்புங்க. நின்றால் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு கிளம்புவதே நல்லது.