ஆரணிக்குப் பக்கத்திலேயே, அந்தரத்தில் நிற்கக் கற்றுத்தரும் பள்ளி!

வரைபடத்தில் ஆரணியின் மேல் விரலை வைத்து, வடகிழக்கே நேராக ஒரு கோடு இழுங்கள். சுமார் 60 கிலோமீட்டரில் கோடு அரக்கோணத்தைத் தொட்டுவிடும். பஸ்ஸில் போனால் ஆற்காடு, ராணிப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். சேத்தக் ஹெலிகாப்டரில் போனால் இருபதே நிமிடம்!

எதற்கு இந்தச் சேத்தக் கணக்கு என்றால், அந்தக் கோட்டின் மறுமுனையில் இருப்பது ஐ.என்.எஸ். ராஜாளி. இந்தியக் கடற்படை தன் ஹெலிகாப்டர் விமானிகளைச் செதுக்கி எடுக்கிற பயிற்சிப் பள்ளி அதற்குள்தான் இருக்கிறது. பட்டுப்புடவைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரிலிருந்து, நாட்டின் கடல் மேல் பறக்கப் போகிறவர்கள் பயிலும் இடம் இவ்வளவு பக்கத்தில்! நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதை நினைத்தாலே என்னால் உட்கார முடியவில்லை. வாருங்கள், அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிடலாம்.

முதல் ஆச்சரியம், அரக்கோணத்தில் கடலே கிடையாது. ஆனாலும் ராஜாளி ஒரு கடற்படைத் தளம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் திடல் ஒன்று அங்கே இருந்தது. அந்த இடத்தில் எழுந்த புதிய தளத்தை 1992 மார்ச்சில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். அதுவரை கொச்சியில் நடந்துவந்த ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அதே ஆண்டில் இங்கே இடம் மாறியது. கடற்படைக் கணக்கில் அதன் பெயர் 561-ஆம் படைப்பிரிவு. கடற்படைக்காரர்களோடு கடலோரக் காவல்படையினரும், நட்பு நாடுகளிலிருந்து வரும் அதிகாரிகளும் இங்கே பயில்கிறார்கள். அதே தளத்தின் நீண்ட ஓடுபாதையிலிருந்து நீர்மூழ்கி தேடும் பி-8ஐ விமானங்களும் கிளம்பிக்கொண்டிருக்கும். பயிற்சி மாணவர் கையில் கிடைப்பதோ குட்டிச் சேத்தக்.

குட்டி என்று சொன்னாலும் அது லேசுப்பட்ட ஆள் இல்லை. பிரான்ஸில் 1959-இல் முதலில் பறந்த அலூவெட் 3 தான், பெங்களூரு எச்.ஏ.எல். தொழிற்சாலையில் தயாராகி நமக்குச் சேத்தக் ஆனது. ஏழு பேர் உட்காரலாம். தலைக்கு மேல் மூன்று இறக்கைகள், முதுகில் ஒரே ஒரு டர்பைன் என்ஜின். அந்த டர்பைன் நிமிடத்துக்கு 33,500 சுற்றுச் சுற்றும். அடேயப்பா! அந்த வேகத்தைப் பல்சக்கரப் பெட்டி கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் இறக்கைக்குக் கொடுக்கிறது. இறக்கை சுற்றுவது நிமிடத்துக்கு 350 சொச்சம். நாம் கீழே நின்று கேட்கும் அந்தத் தடதடப்பு அதனுடையது.

சரி, உள்ளே ஏறுங்கள். விமானிக்கு வலப்பக்க இருக்கை. பயிற்சி தரும் ஆசிரியர் இடப்பக்கம். அவருக்கும் தனியாக இன்னொரு ஜோடிக் கட்டுப்பாடுகள் உண்டு. இடக்கைக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் படுத்திருக்கும். அது கலெக்டிவ். அதைத் தூக்கினால் மூன்று இறக்கைகளும் ஒரே நேரத்தில் சரிவைக் கூட்டிக் காற்றைக் கீழே தள்ளும், வண்டி எழும்பும். வலக்கைக்கு, இரண்டு முழங்காலுக்கு நடுவே நிற்கும் குச்சி. அது சைக்ளிக். எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் வண்டி நகரும். காலடியில் இரண்டு பெடல்கள். அவை வாலில் இருக்கும் சின்ன விசிறியை ஆட்டுவித்து மூக்கைத் திருப்பும்.

மொத்தம் மூன்று சாமான்தானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றுகிறதா? இப்போது தரையிலிருந்து சில அடி உயரத்தில், ஒரே இடத்தில், அசையாமல் நில்லுங்கள் பார்க்கலாம்!

இடக்கை நெம்புகோலைத் துளி தூக்குகிறது. உடனே இறக்கை சுற்றும் திசைக்கு எதிராக வண்டியின் உடம்பு முழுவதும் திரும்பப் பார்க்கிறது. கால் அதைத் தடுக்கிறது. கால் அழுத்தியதும் வால் விசிறி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. வலக்கை குச்சியைச் சாய்த்து அதைப் பிடித்து நிறுத்துகிறது. சாய்த்ததால் தூக்கும் சக்தியில் கொஞ்சம் குறைந்துபோய் வண்டி இறங்குகிறது. மறுபடி இடக்கை தூக்க வேண்டும். தூக்கினால் மறுபடி உடம்பு திரும்பும்… ஒரு கையின் தவறைத் திருத்தப் போய் இன்னொரு கைக்கு வேலை வருகிறது. அது முடிவதற்குள் காற்று வேறு ஒரு தட்டுத் தட்டும். புது மாணவரின் சேத்தக் ஆடுகிற ஆட்டத்துக்கு மைதானம் முழுவதும் போதாது. அப்போது காதுக்குள் ஆசிரியரின் குரல் கேட்கும், "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்!" அவர் தொட்ட மறுகணம் வண்டி ஆணி அடித்தாற்போல நிற்கும்.

ஆரணிக்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரைப் பாருங்கள். ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்டுகிறது. இன்னொரு கை பலகையை இழுத்து ஊடையை அடிக்கிறது. குழிக்குள் கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. நான்கும் நான்கு வேலை. இந்தக் கை இதைச் செய், இந்தக் கால் இதைச் செய் என்று அவர் தனித்தனியாக யோசித்தால் ஒரு முழம்கூட நகராது. கண் புடவையின் மேல் இருக்கும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். ராஜாளியில் மாதக்கணக்கில் உடம்புக்குள் ஏற்றுகிற வித்தையும் இதுவேதான். ஹெலிகாப்டர் ஓட்டுவது பொத்தான்களும் திரைகளும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லவே இல்லை. இது கைத்தொழில்!

சொல்லித்தருகிற முறையும் கைத்தொழில் முறைதான். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் பெடல் மட்டும் மாணவரிடம். மற்ற இரண்டும் ஆசிரியரிடம். பிறகு நெம்புகோல் மட்டும். பிறகு குச்சி மட்டும். அதன் பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து, கடைசியில் மூன்றும். குச்சியை இறுக்கிப் பிடித்தால் போச்சு. முன்கையைத் தொடைமேல் சாய்த்து, விரல்களால் மட்டும் பிடிக்க வேண்டும். காலடித் தரையைப் பார்க்கவே கூடாது, தூரத்தில் இருக்கும் மரத்தையோ கட்டடத்தையோ பார்க்க வேண்டும். அருகில் பார்த்தால் கை பதறும். தூரத்தைப் பார்த்தால் அடங்கும். ஒருநாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சில விநாடிகள் வண்டி தானே நின்றுவிடும். அந்த விநாடியிலிருந்து மாணவர் விமானியாகத் தொடங்குகிறார்.

அடுத்து வருவது இன்னும் குதூகலம். நின்ற இடத்திலிருந்து மெல்ல முன்னால் நகர்த்தினால் வேகம் முப்பது கிலோமீட்டரைத் தொடும் வாக்கில் வண்டி முழுவதும் ஒரு நடுக்கம் நடுங்கும். பயப்பட வேண்டாம். தான் கலக்கிவிட்ட காற்றைத் தாண்டி இறக்கைகள் புதுக் காற்றுக்குள் நுழைகின்றன. நுழைந்ததுமே, யாரும் எதையும் தூக்காமலேயே, ஹெலிகாப்டர் தானாக மேலே ஏறும்!

எல்லாரும் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்விக்கு வருவோம். என்ஜின் நின்றுவிட்டால்? கல்லாக விழுந்துவிடாது. நெம்புகோலைச் சட்டென்று கீழே இறக்க வேண்டும். அப்போது கீழிருந்து மேலே பாயும் காற்றே இறக்கையைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும். கடைசியில், சுழலும் இறக்கையில் மிச்சமிருக்கும் ஆற்றல் முழுவதையும் நெம்புகோலைத் தூக்கி ஒரே தடவையில் செலவழித்து, மெத்தென்று உட்கார வேண்டும். இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. இதற்குப் பெயர் ஆட்டோரொட்டேஷன். இதை ஆசிரியரோடு திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள்.

இதன் உச்சம் எது தெரியுமா? 1972 ஜூனில் ஜான் பூலே என்ற பிரெஞ்சு விமானி, நம் ராணுவம் சீட்டா என்று அழைக்கும் ஹெலிகாப்டரின் பிரெஞ்சு மூலமான லாமாவில் 12,442 மீட்டர் உயரம் ஏறினார். உலக சாதனை! உச்சியில் என்ஜின் அணைந்துவிட்டது. எவரெஸ்டுக்கும் மூன்றரைக் கிலோமீட்டர் மேலிருந்து, என்ஜினே இல்லாமல், இறக்கையின் சுழற்சியை மட்டும் நம்பி அவர் பத்திரமாகத் தரையிறங்கினார். சேத்தக்கும் லாமாவும் ஒரே குடும்பத்து என்ஜின் கொண்டவை.

கடற்படை விமானிக்கு இதற்கெல்லாம் மேலே ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. அவர் இறங்க வேண்டிய திடல் ஆடிக்கொண்டிருக்கும், ஓடிக்கொண்டும் இருக்கும். போர்க்கப்பலின் பின்பக்கத் தளம் அலையில் ஏறி இறங்கிப் பக்கவாட்டிலும் உருளும். அதன் மேலே காத்து நின்று, இரண்டு உருளலுக்கு நடுவே கப்பல் கொஞ்சம் சாந்தமாகும் அந்தக் கணத்தில் இறங்கிவிட வேண்டும். அசையாமல் நிற்பதற்கு ஏன் அத்தனை பாடு என்பது அங்கேதான் புரியும்.

தவறிக் கடலில் விழுந்தால்? அதற்கும் பயிற்சி உண்டு! ஹெலிகாப்டருக்கு எடையெல்லாம் மேலே, என்ஜினும் பல்சக்கரப் பெட்டியும் கூரையில். தண்ணீரில் விழுந்ததும் குப்புறக் கவிழும். கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா தளத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். பெல்ட்டோடு உட்காரவைத்து, மாதிரிக் கூண்டைத் தண்ணீருக்குள் இறக்கித் தலைகீழாகத் திருப்புவார்கள். மேலெது கீழெது என்று தெரியாத அந்த நிலையில், ஒரு கையால் சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றி வெளியே வர வேண்டும். பிடித்த கையை விட்டால் வழி தொலைந்துபோகும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கிறவர்கள் 2015 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கி மூடிக்கிடந்த நாட்களில் பயணிகள் விமானங்கள் வந்து இறங்கியது நம் அரக்கோணம் ராஜாளியில்தான். அதே நாட்களில் மொட்டை மாடிகளிலிருந்து மனிதர்களைக் கயிற்றில் தூக்கி எடுத்தன ஹெலிகாப்டர்கள். அப்படித் தூக்கும்போது கீழே தொங்குகிறவர் விமானியின் கண்ணுக்கு நேராகத் தெரிய மாட்டார். பின்கதவோரம் படுத்தபடி எட்டிப் பார்க்கும் வீரர் "கொஞ்சம் முன்னால், இன்னும் கொஞ்சம் வலது, நில்லு" என்று சொல்லச் சொல்ல, அந்தக் குரலை நம்பி விமானி தன் கைகால்களை நகர்த்துவார். மாடியில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் மின்கம்பி, இடையில் ஓர் உயிர். பயிற்சித் திடலில் நின்று பழகிய அந்தச் சில விநாடிகள் அங்கே நிமிடங்களாக நீள வேண்டியிருக்கும்.

இப்போது 2024 ஜூன் 7-க்கு வாருங்கள். ராஜாளியில் 102-ஆவது ஹெலிகாப்டர் பயிற்சி வகுப்பின் நிறைவு அணிவகுப்பு. 21 அதிகாரிகளின் மார்பில் தங்கச் சிறகு. அவர்களில் ஒருவர் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ், கடற்படை வரலாற்றின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி! லடாக்கிலிருந்து கடற்படைக்கு வந்த முதல் அதிகாரியான லெப்டினன்ட் ஜம்யாங் செவாங்கும் அதே அணியில் சிறகு பெற்றார். விமானப்படை 1994-லேயே பெண்களை விமானிகளாக்கிவிட்டது. ராணுவத்தின் விமானப் பிரிவுக்கு முதல் பெண் விமானியாக 2022-இல் கேப்டன் அபிலாஷா பாரக் வந்தார். அவர் அதிகாரியானது சென்னைப் பரங்கிமலைப் பயிற்சி மையத்தில். பெண் ஹெலிகாப்டர் விமானிகளுக்குக் கடற்படை தன் கதவைத் திறந்ததும் நம் அரக்கோணத்தில். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி நேரே நம் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசுகிறேன். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் விடாதீர்கள். என்.டி.ஏ. தேர்வு வழியே பன்னிரண்டாம் வகுப்போடே தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போகலாம்; அங்கே பயின்ற முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் வெளிவந்துவிட்டது. இல்லையென்றால் பொறியியல் முடித்துக் கடற்படையின் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளியிலிருந்தே தயாராக வேண்டுமென்றால் உடுமலைக்குப் பக்கத்தில் அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962 முதல் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வும், அதோடு விமானிகளுக்கென்றே ஒரு கணினித் தேர்வும் உண்டு. கை, கண், கால் ஒத்துழைப்பை அளக்கும் அந்தத் தேர்வை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுத முடியும். தவறினால் விமானியாக மறுவாய்ப்பு இல்லை. ஆகவே விளையாட்டாகப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள், முழுத் தயாரிப்போடு போங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பக்கத்துத் தையல்கடையில் டேப் கேட்டு வாங்குங்கள். விமானி இருக்கைக்கு உடம்பு பொருந்த வேண்டும் என்பதால் அளவுகள் கறார். உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர். உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை. கால் நீளம் 99 முதல் 120 வரை. தொடை நீளம் 64-ஐத் தாண்டக் கூடாது. சுவரோடு சாய்ந்து நிமிர்ந்து உட்காருங்கள், அக்காவையோ தம்பியையோ கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள், நான்கு எண்களையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்!