தூரம் ஒன்று, பிரயாண நேரம் இரண்டு

டில்லியிலிருந்து கொல்கத்தாவுக்கு விமானத்தில் செல்பவர், குளிர்காலத்துக் கால அட்டவணையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு விந்தையைக் காண்பார். போவதற்கு ஆகும் நேரத்தைவிடத் திரும்பி வருவதற்கு ஆகும் நேரம் பொதுவாகச் சற்று அதிகமாகக் குறிக்கப்பட்டிருக்கும். தூரமோ ஒன்றே, நாடு முழுவதற்கும் கடிகார நேரமும் ஒன்றே. ஆயினும் இவ்வேறுபாடு தோன்றுவது ஏன்?

முதலில் தூரத்தைக் கவனிப்போம். உருண்டையான பூமியின்மீது இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். அவ்வாறு கணக்கிட்டால், இவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையேயுள்ள தூரம் சுமார் 1,310 கிலோமீட்டர். ஓடுபாதையின் திசைக்கேற்ப வளைந்து ஏறி இறங்க வேண்டியிருப்பதால், விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்று அதிகமாகும்.

இனி வேகத்தைக் காண்போம். கங்கையில் நீரோட்டத்தோடு செல்லும் படகு ஓட்டத்தின் வேகத்தையும் சேர்த்துப் பெறுகிறது. எதிர்த்து வரும் படகு அதனை இழக்கிறது. விமானத்துக்குக் காற்றே ஆறு. குளிர்காலத்தில் வட இந்தியாவின்மேல், சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ‘ஜெட் காற்றோட்டம்’ வீசுகிறது. இதன் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைக் கடப்பது அரிதன்று. பருவமழை தொடங்கும் காலத்தில் இக்காற்றோட்டம் இமயமலைக்கு வடக்கே விலகிவிடுகிறது.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். விமானத்தின் வேகம் மணிக்கு 830 கிலோமீட்டர் எனவும், அதன் பாதையின் திசையில் காற்றின் வேகம் 100 கிலோமீட்டர் எனவும் வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையெனில் 1,310 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 1 மணி 35 நிமிஷம் ஆகும். கொல்கத்தாவுக்குச் செல்லும்போது விமானம் 930 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறுவதால் 1 மணி 25 நிமிஷம் போதும். திரும்புகையில் வேகம் 730 ஆகக் குறைவதால் 1 மணி 48 நிமிஷம் ஆகிறது. போகும்போது 10 நிமிஷம் இலாபம். வரும்போது 13 நிமிஷம் நஷ்டம்! எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் பறக்க நேர்வதே இதற்குக் காரணம். ஆகவே, காற்று மாறாதிருக்கும்வரை, போக வர இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காற்றினால் நஷ்டமே உண்டாகிறது. நிலையத்தில் விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் அட்டவணையில் சேர்க்கப்படுவதால், அதில் காணும் நேரம் இவற்றைவிட அதிகமாக இருக்கும்.

இந்தச் சில நிமிஷங்களை அற்பமென்று தள்ளிவிடலாகாது. எதிர்க்காற்று பலமாக வீசும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலேதான் டில்லியில் கடும் மூடுபனியும் கவிகிறது. இறங்க இயலாத விமானம் ஜயப்பூருக்கோ லக்னோவுக்கோ செல்ல நேரலாம். ஆதலால், சேருமிடத்துக்கு வேண்டிய எரிபொருளோடு, மாற்று நிலையத்தை அடைவதற்கும், அதன்பின் மேலும் 30 நிமிஷம் வானில் வட்டமிடுவதற்கும் போதிய எரிபொருளை ஜெட் விமானம் ஏற்றிச் செல்ல வேண்டும். இதனைச் சரியாகக் கணக்கிட மேல்வானக் காற்றின் வேகம் தெரிந்திருத்தல் அவசியம். வானிலை ஆய்வுத் துறையினர் காலையிலும் மாலையிலும் கருவிகளுடன் பலூன்களைப் பறக்கவிடுவது இத்தகைய தேவைகளுக்காகவும்தான். அப்பலூன்கள் அனுப்பும் செய்திகள் பிரயாணிகளின் பாதுகாப்புக்கும் துணை நிற்கின்றன.