பிள்ளையின் மனநலக் கணிப்புத் தாளை வாசிக்கும் முறை

பள்ளியில் பிள்ளையின் மனப்போக்கைக் கணித்துத் தரும் தாளைத் தேர்வு மதிப்பெண்ணாகக் கருதலாகாது. எண்ணைக் கண்டு அஞ்சி, அருப்புக்கோட்டையிலே தறியிலும் திருச்சுழியிலே காட்டு வேலையிலும் பிள்ளையை அமர்த்திப் படிப்பை நிறுத்துதல் பெருந்தவறாகும்.

இத்தகைய கணிப்புக்குப் பல நாடுகளில் வழங்குவது, இங்கிலாந்து மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட வினாப்பட்டியல். தமிழிலும் உண்டு. அதில் 25 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மனக்கலக்கம், நடத்தை, நிலைகொள்ளாமை, தோழருடன் பழகுதல் ஆகிய நான்கின் கூட்டு 40. இதில் எண் மிகுந்தால் இடர் மிகுதி. பிறர்க்குதவும் இயல்புக்குத் தனியே 10. இதில் எண் மிகுந்தால் நன்மை. இரண்டையும் சேர்த்துக் கூட்டலாகாது.

பெற்றோர் நிரப்பிய தாளில் 13 வரை கவலையில்லை. 17-உம் அதற்கு மேலும் கவனிக்கத்தக்கவை. இவ்வெல்லை பிரிட்டன் சிறுவரைக் கொண்டு வகுத்தது. மேலும், தாள் காட்டுவது கடந்த ஆறு திங்களின் நிலையையே. வீட்டுத் துக்கமும், மழை பொய்த்ததால் வந்த கடன் தொல்லையும் எண்ணை உயர்த்தக்கூடும்.

ஆதலால் அங்கத்தினர்கள் முதலில் ஆசிரியரிடம் அவர் கண்டது யாதெனக் கேட்டறிக. கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் செய்க. பிறகு அரசு மருத்துவமனையை அணுகலாம். 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். நோய் உண்டா என்பதை மருத்துவரே கூறவல்லார். அதுவரை பிள்ளை பள்ளி சென்று வரட்டும்.