போருக்குப் போன தாத்தாவைத் தேடுவோம்

"எங்கள் தாத்தா பட்டாளத்துக்குப் போனார். பர்மாவில் சண்டை போட்டார்." பல வீடுகளில் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எந்தப் படை? எந்த ஆண்டு? திரும்பி வராதவர் என்றால் எங்கே இறந்தார்? இதைக் கேட்டால் பலருக்கும் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது. இந்தியாவிலிருந்து சுமார் 25 லட்சம் பேர் படையில் பணி செய்தார்கள். சுமார் 87 ஆயிரம் பேர் உயிர் இழந்தார்கள்.

அவர்களில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தார். ஒரு வெடி வெடிக்கப் போனது. உடனே அதன்மேல் பாய்ந்து படுத்தார். அவர் இறந்தார். அருகில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. அதனால் அவர் கதை நமக்குத் தெரிகிறது. விருது பெறாதவர்களை நாம்தான் தேட வேண்டும்.

வீட்டில் தொடங்குங்கள்

பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டாளச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், கடிதம், பதக்கம் இருக்கலாம். பதக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். பல பதக்கங்களில் எண், பெயர், படைப்பிரிவு ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருந்தார்கள். எண்ணும் படைப்பிரிவும் இருந்தால்தான் ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியும்.

யாரிடம் கேட்பது?

ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்குப் பெங்களூர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். கேரளத்தில் எர்ணாகுளம் போன்ற மாவட்டங்களிலும் இந்த அலுவலகம் உண்டு. ஆனால் பழைய ஏடுகள் எல்லாமே மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது.

போரில் இறந்தவர் என்றால்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் தொடங்கியது. அதன் பெயர்ப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கல்லறை இல்லாதவர்களின் பெயர்களும் அதில் உண்டு. சிங்கப்பூரில் கிராஞ்சி, பர்மாவில் தவுக்கியான் ஆகிய இடங்களில் அப்பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நம் பெயரைப் பலவிதமாக எழுதுவார்கள். ஒரு விதத்தில் கிடைக்காவிட்டால் வேறு விதத்தில் தேடுங்கள்.

அந்தக் காலத்தில் தந்தி வந்தால் படிக்க ஆள் தேடினார்கள். இன்று நாமே படிக்கலாம், நாமே மனு எழுதலாம். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தாத்தாவின் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், படை, எண், ஆண்டு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.