அம்மா எழுதி வைத்த புதிர்கள்: சதுரங்கப் பலகை தொலைக்காட்சிக்கு வந்த கதை

2024 டிசம்பர் 12ஆம் தேதி. ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் செந்தோசா தீவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 14ஆவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரனும் சம புள்ளிகளில் இருந்தனர். இந்த ஆட்டமும் சமநிலையில்தான் முடியும் என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், 55ஆவது நகர்வில் டிங் தம் கோட்டைக் காயைத் தவறான கட்டத்தில் வைத்தார்.

இணைய நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தவறு என்று அடுத்த கணமே தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த குகேஷுக்கோ அதைக் கவனிக்கச் சில விநாடிகள் பிடித்தன. சற்று நேரத்தில் அவர் உலக வெற்றியாளர் ஆனார்.

ஆடுபவருக்கு முன்பே பார்ப்பவருக்குத் தெரிந்தது எப்படி? பலகை விளையாட்டுகள் திரைக்கு வந்த கதையில் அதற்கு விடை இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்திருக்கும் பெற்றோருக்கும் அதில் ஒரு செய்தி உண்டு.

மௌனத்தைக் காட்டுவது எப்படி?

காற்பந்தைத் திரையில் காட்டுவது எளிது. பந்து ஓடுகிறது, கண் பின்தொடர்கிறது. சதுரங்கம் அப்படியல்ல. இருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காயை நகர்த்த அரை மணி நேரம்கூட ஆகலாம். உண்மையான ஆட்டம் நடப்பது அவர்கள் தலைக்குள்ளே. அதை வெளியே கொண்டு வருவதுதான் தொலைக்காட்சியின் வேலை.

1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் அமெரிக்காவின் பாபி ஃபிஷரும் சோவியத்தின் போரிஸ் ஸ்பாஸ்கியும் மோதியபோது, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஷெல்பி லைமன் என்பவர் ஒரு பெரிய பலகையின் முன் நின்று, வந்து சேரும் ஒவ்வொரு நகர்வையும் பொறுமையாக விளக்கினார். சதுரங்கமே தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்தார்கள். பின்னர் பிபிசி, ‘தி மாஸ்டர் கேம்’ என்ற நிகழ்ச்சியில் வேறொரு வழியைக் கண்டது. ஆட்டம் முடிந்த பிறகு, ஒவ்வொரு நகர்விலும் தாம் என்ன நினைத்தோம் என்பதை ஆட்டக்காரர்களே சொல்ல, அதைப் பதிவு செய்து காட்சியோடு இணைத்தார்கள்.

மணிலாவில் ஒரு பிற்பகல் நிகழ்ச்சி

தமிழர்களுக்கு நெருக்கமான கதை பிலிப்பைன்ஸில் நடந்தது. மயிலாடுதுறையில் 1969இல் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்றுக் கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. ரயில்வே அதிகாரியான தந்தையின் பணி காரணமாக, 1970களின் இறுதியில் குடும்பம் மணிலாவில் வசித்தது. அப்போது பிலிப்பைன்ஸில் சதுரங்கத்துக்கு மிகுந்த மவுசு. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் யூஜினியோ டோரே அந்த நாட்டுக்காரர். 1978 உலகப் போட்டியும் அங்குள்ள பாகியோ நகரில்தான் நடந்தது.

மணிலா தொலைக்காட்சியில் பிற்பகல் நேரத்தில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வந்தது. ஆட்டங்களை விளக்கிவிட்டு, முடிவில் நேயர்களுக்கு ஒரு புதிர் போடுவார்கள். விடையை எழுதி அனுப்புவோரில் வெற்றி பெறுபவருக்குப் புத்தகம் பரிசு. ஆனால் அந்த நேரத்தில் ஆனந்த் பள்ளியில் இருப்பார். ஆகவே தாயார் வீட்டில் உட்கார்ந்து, ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து விடை காண்பார்கள்.

பரிசுகள் தொடர்ந்து வந்தன. கடைசியில் நிகழ்ச்சி நடத்தியவர்கள், வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். இதை ஆனந்தே பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தச் சிறுவன் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் ஐந்து முறை உலக வெற்றியாளர் பட்டம் வென்றார். 2013இல் சென்னையில் அவர் மேக்னஸ் கார்ல்சனை எதிர்கொண்டபோது, கண்ணாடி அறைக்கு வெளியே பார்வையாளர் பகுதியில் ஏழு வயது குகேஷ் இருந்தார். பின்னாளில் ஆனந்தின் பயிற்சித் திட்டத்திலேயே அவரும் வளர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பலகை கதையானபோது

அண்மைக் காலத்தில் பலகை விளையாட்டுகள் தொடர் நாடகங்களாகவும் வருகின்றன. 2020 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘தி குயின்ஸ் கேம்பிட்’, அநாதை இல்லத்தில் வளரும் ஒரு சிறுமி சதுரங்கத்தில் உயர்வதைச் சொன்னது. முதல் நான்கு வாரங்களில் 6 கோடியே 20 லட்சம் குடும்பங்கள் அதைப் பார்த்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் சதுரங்கப் பலகைகளின் விற்பனை கூடியதற்கு அந்தத் தொடரும் ஒரு காரணம்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பல முகம் கொண்ட பகடைகளை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். பகடை எண்ணே தலைவிதி. பரமபதத்தில் ஏணியா பாம்பா என்பதைத் தாயக்கட்டை சொல்வதைப் போலத்தான் இதுவும். குரல் நடிகர்கள் சிலர் இதை ஆடுவதை 2015 முதல் இணையத்தில் ஒளிபரப்பினார்கள். ரசிகர்கள் 2019இல் ஒரு கோடியே பத்து லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டிக் கொடுக்க, அந்த ஆட்டத்தின் கதை 2022இல் ‘தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மாக்கினா’ என்ற கேலிச்சித்திரத் தொடரானது.

விடை சொல்லும் பட்டை

இனி செந்தோசாவுக்குத் திரும்புவோம். இன்றைய சதுரங்க நேரலைகளில் திரை ஓரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கும். கணினி மென்பொருள் ஒவ்வொரு நகர்வையும் கணித்து, யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அதில் காட்டும். வெள்ளைப் பகுதி உயர்ந்தால் வெள்ளைக் காய்க்காரர் முன்னிலையில் இருக்கிறார் என்று பொருள். டிங் தவறிய கணத்தில் அந்தப் பட்டை கறுப்பின் பக்கம் சாய்ந்தது. அதனால்தான் பார்ப்பவர்கள் குகேஷை முந்திக்கொண்டார்கள்.

பட்டையால் நன்மை உண்டு. ஆட்டம் புரியாதவரும் பரபரப்பை உணர முடிகிறது. ஆனால் அது விடையைச் சொல்லிவிடுகிறது. மணிலா நிகழ்ச்சி கேள்வியைக் கேட்டுவிட்டு, விடையை வீட்டில் தேட விட்டது. பட்டையைப் பார்ப்பவர் ஆட்டத்தின் முடிவை அறிகிறார். புதிரை எழுதியவர் ஆட்டத்தைக் கற்கிறார்.

ஜொகூரில் பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ, சில வீடுகளில் இருவருமோ, விடிவதற்கு முன்பே பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார்கள். தோட்டப்புறத்திலும் காலை வேலை இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பிள்ளையோடு மணிக்கணக்கில் உட்கார எல்லாராலும் முடியாது. ஆனால் சுசீலா அம்மையாரின் முறைக்கு நாள் முழுவதும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

பாட்டியோ அக்காளோ ஒரு சதுரங்கப் புதிரைத் தாளில் வரைந்து வைக்கலாம். காணொளியாக இருந்தால், விளக்கம் சொல்பவர் விடையைச் சொல்லும் முன் நிறுத்திவிடலாம். பட்டை தெரியும் ஓரத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, ‘அடுத்து எந்தக் காய்?’ என்று பிள்ளையிடம் கேட்கலாம். பிள்ளை சொன்னதை எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு விடையைப் பார்க்கலாம். தவறாக இருந்தால் ஏன் தவறு என்பதை இருவரும் சேர்ந்து தேடலாம். கேட்பவருக்குச் சதுரங்கம் முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

சதுரங்கம்தான் என்றும் இல்லை. தாயம், ஆடுபுலி, மலாய்க்காரர்கள் சோங்காக் என்று ஆடும் பல்லாங்குழி என எதற்கும் இது பொருந்தும். பாட்டி அடுத்து எந்தக் குழியில் இருந்து எடுப்பார் என்று பேரப்பிள்ளை முன்கூட்டியே சொல்லிப் பார்க்கட்டும்.

மணிலாவில் அந்த நிகழ்ச்சியைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். விஸ்வநாதன் வீட்டில் அதை எழுதி வைக்க ஓர் அம்மா இருந்தார்.